விலங்குகளுக்கு மருத்துவமனை கண்ட ஆலையதிபர்

பம்பாய் மாநகரின் பரேல் பகுதியிலே, ஒரு காலத்தில் பஞ்சாலைகளின் புகைபோக்கிகள் நெருங்கி நின்ற இடத்திலே, விலங்குகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இன்றளவும் நடைபெற்று வருகின்றது. பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை என்பது அதன் பெயர். வண்டியில் அடிபட்ட நாயும், காலொடிந்த குதிரையும், கழுத்திற் புண்பட்ட மாடும், பட்டத்தின் மாஞ்சாக் கயிற்றில் சிறகறுந்த பறவையும் அங்கே சிகிச்சை பெறுகின்றன. அதனைக் கட்டுவித்தவர் பெயரால் ஓர் ஆலையதிபர், பிறப்பால் பார்சி. அவர்தம் சரிதையை நம் அன்பர்களுக்குச் சுருங்கச் சொல்லப் புகுகின்றோம்.

பார்சிச் செல்வர் ஒருவரின் சரிதை நம் பத்திரிகைக்கு எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். கல்யாணிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் திக்கற்ற நாய்க்கும் பூனைக்கும் மாட்டுக்கும் இடம் கொடுத்துப் பேணும் நல்லோர் உளர். அவர்களிடம் சென்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் கேட்கின்றோம். கஞ்சிக்கும் எஞ்சிய சோற்றுக்கும் அத்துணைக் குறைவில்லை. மருந்துக்குத்தான் பொருளில்லை என்பதே அது. பசித்த வாயைக் கண்டால் எவரும் ஒரு பிடி அன்னம் இடுவர். ஒடிந்த எலும்பைச் சேர்ப்பதற்கும், புழுவைத்த புண்ணை நாடோறும் கழுவிக் கட்டுவதற்கும், வெறிநோய்த் தடுப்பூசி போடுவதற்கும் கை நீட்டுவோர் அரியர். இக்குறை இன்று தோன்றியதன்று. தின்ஷா பெட்டிட் அவர்களின் வாழ்வு இக்குறையோடு பின்னிக் கிடக்கின்றது. ஆதலின் அதனை அறிவது நமக்கும் பயனுடைத்தாகும்.

பிறப்பும் இளமையும்

தின்ஷா மானெக்ஜி பெட்டிட் 1823ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தந்தையார் மானெக்ஜி நசர்வான்ஜி பெட்டிட் ஒரு வணிகர். இக்குடும்பத்தின் முன்னோர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூரத்திலிருந்து பம்பாய்க்குக் குடியேறிக் கப்பல்களுக்குத் துபாஷியாகப் பணி செய்தவர். அவர் குள்ளமான உருவினர். ஆதலின் பிரெஞ்சுக்காரர்கள் சிறியவர் என்னும் பொருள்படத் தம் மொழியில் அவருக்கு இட்டு வழங்கிய பெயரே, நாளடைவில் பெட்டிட் என்னும் குடும்பப் பெயராக நிலைத்தது.

சிறுவர் தின்ஷா ஒன்பதாம் வயதில், ஓய்வு பெற்ற சார்ஜெண்ட் ஒருவர் நடத்திவந்த பள்ளியிற் சேர்ந்தார். அவருக்கு ஒன்பது வயது நிறையும் தறுவாயில், 1832ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பம்பாய் நகரையே நிலைகுலையச் செய்த நிகழ்ச்சியொன்று நடந்தது. தெருநாய்களைக் கொல்லுமாறு அரசினர் இட்ட ஆணையை எதிர்த்துப் பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பார்சிகளின் சமயத்தில் நாய்க்குத் தனி மதிப்புண்டு. இறந்தோர்க்குச் செய்யும் சடங்கிலும் நாய்க்கு இடமுண்டு. கடைகள் அடைபட்டன, கோட்டைப் பகுதியில் கலகம் மூண்டது, படைவீரர் வரவழைக்கப்பட்டனர். பம்பாய் நாய்க் கலகம் என்று சரித்திரத்தில் குறிக்கப்படுவது இதுவே.

இக்கலகத்தின் பயனாக ஒரு நற்செயலும் விளைந்தது. ஜம்சேட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வணிகரும், மோதிசந்த் அமிசந்த் என்ற சமண வணிகரும் முன்னின்று, 1834ஆம் ஆண்டில் பம்பாய்ப் பிஞ்சராப்போலை நிறுவினர். திக்கற்ற நாய்களுக்கும், உழைத்து ஓய்ந்த மாடுகளுக்கும் அது புகலிடமாயிற்று. அதற்குப் பொருள் திரட்டிய முறை நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. வணிகர்கள் தாம் விற்று வாங்கும் சரக்கின்மேல் ஒரு சிறு பங்கைத் தாமாகவே ஒதுக்கிக் கொடுத்தனர். அதனை லாகா என்பர். நம் திருநெல்வேலிச் சீமையிலே வணிகர் கொடுத்துவந்த மகமை போன்றது அது. மகமையால் அங்கே பள்ளிகள் எழுந்தன. லாகாவால் இங்கே வாயில்லா உயிர்கள் வயிறு நிறைந்தன.

பதினைந்து ரூபாய்ச் சம்பளம்

பதினேழாம் வயதில் தின்ஷா ஓர் ஆங்கிலேய வணிக நிறுவனத்தில், மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். பின்னர்த் தந்தையார் நடத்திய தரகு வணிகத்திற் சேர்ந்து தொழில் கற்றார். அக்காலத்தே இந்நாட்டுப் பஞ்சு மூட்டை மூட்டையாகக் கப்பலேறி இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரில் துணியாகி, மீண்டும் நம் சந்தைக்கே வந்து நம் நெசவாளரின் வயிற்றில் அடித்தது. 1854ஆம் ஆண்டில் கவாஸ்ஜி தாவர் என்பார் பம்பாயின் முதற் பஞ்சாலைக்கு அடிகோலினார். அவரையடுத்து ஆலைத் தொழிலில் இறங்கியவர் தின்ஷாவின் தந்தையார். அவர் 1859ஆம் ஆண்டில் காலஞ்சென்றார். மறு ஆண்டிலேயே மைந்தர்கள் அவர் பெயரால் மானெக்ஜி பெட்டிட் ஆலையை ஏற்படுத்தினர்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரினால் அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போவது நின்றது. பம்பாய்ப் பஞ்சின் விலை வானளாவ உயர்ந்தது. நகரத்தில் பணம் வெள்ளமெனப் புரண்டது. பங்குச் சூதாட்டம் தலைவிரித்தாடியது. போர் முடிந்ததும் அந்த வெள்ளம் வடிந்து, பெரிய பெரிய வணிகரெல்லாம் ஒரே இரவில் ஓட்டாண்டிகளாயினர். தின்ஷாவோ தாம் ஈட்டியதைச் சூதிலிடாமல் ஆலையிலும் எந்திரத்திலும் முடக்கினார். ஆலைமேல் ஆலையாகப் பெருக்கினார். அவர் மறைந்தபோது ஆறு ஆலைகளில் முதன்மைப் பங்கினராய் விளங்கினார். அவற்றில் ஏறத்தாழ 10,000 பேர் வேலை செய்துவந்தனர்.

புகலிடம் வேறு, மருத்துவம் வேறு

பம்பாயில் ஆலைகள் பெருகப் பெருக, பஞ்சுப் பொதிகளைச் சுமந்து இழுக்கும் மாடுகளும் பெருகின. துறைமுகத்திலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து கிடங்குக்கும், இரயிலடிக்கும் பொதிகளை இழுத்தவை அவையே. 1874இலிருந்து தண்டவாளத்தில் ஓடிய டிராம் வண்டிகளையும் குதிரைகளே இழுத்தன. நுகத்தடி உராய்ந்து கழுத்துப் புண்ணான மாடுகளும், கல் பாவிய தெருவில் வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்த குதிரைகளும் அந்நாளைய பம்பாயில் அன்றாடக் காட்சி.

அதே 1874ஆம் ஆண்டில் பம்பாயில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. வதை செய்வோரைத் தடுக்கவும் வழக்கு மன்றத்தில் நிறுத்தவும் சங்கம் முற்பட்டது. எனினும் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. புண்பட்ட மாட்டை வண்டியிலிருந்து அவிழ்த்துவிட்டால், அதனை எங்கே கொண்டுபோவது? பிஞ்சராப்போல் உள்ளதே எனலாம். அது முதுமையுற்ற உயிர்கள் தம் இறுதிக் காலத்தைப் பசியின்றிக் கழிக்கும் இடம். அங்கே நிழலுண்டு, புல்லுண்டு, தண்ணீருண்டு. புண்ணைக் கீறி மருந்திட்டு, எலும்பைச் சேர்த்துக் கட்டி, உயிரை எழுப்பி நடக்கவிடும் கல்வி வேறு. அதற்குரிய இடமும் ஆளும் கருவியும் வேறு. புகலிடம் கொடுத்தல் இரக்கத்தின் முதற்படி. மருத்துவம் அளித்தல் அதன் அடுத்த படி. பெரும்பாலோர் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றனர்.

அடுத்த படியில் அடியெடுத்து வைத்தவர் தின்ஷா பெட்டிட். 1883-84ஆம் ஆண்டுகளில் பரேலில் விலங்கு மருத்துவமனை உருப்பெற்றது. தம் துணைவியார் சகர்பாயின் பெயரை அவர் அதற்குச் சூட்டினார். நிர்வாகம் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தாரிடம் இருந்தது. இன்றும் அவ்வாறே இருந்து வருகின்றது.

அத்துடன் அமையாமல் இன்னொரு பேறும் வாய்த்தது. 1886ஆம் ஆண்டில் அரசினரின் பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரி அம்மருத்துவமனையை ஒட்டியே தொடங்கப்பெற்றது. இதன் சிறப்பை அன்பர்கள் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். கல்லூரிக்கு, மாணவர் கண்டு கற்பதற்கு நோயுற்ற விலங்குகள் வேண்டும். மருத்துவமனைக்கோ வைத்தியர் வேண்டும். கல்லூரி ஆசிரியர்கள் அரசின் சம்பளத்தில் மாணவர்க்குக் கற்பித்துக்கொண்டே நோய்க்கு மருந்தளித்தனர். மருத்துவமனையின் செலவில் பெருஞ்செலவாகிய வைத்தியர் ஊதியத்திற்கு இவ்வாறு ஒரு வழி பிறந்தது. ஒருவர் கொடுத்த நன்கொடை, மற்றொருவர் பொறுப்பையும் அருகே இழுத்துக்கொண்டு வந்தது.

தின்ஷாவின் கொடை விலங்குகளோடு நின்றதன்று. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை அமைக்கப் பொருளளித்தார். 1887இல் தொடங்கிய விக்டோரியா ஜூபிலித் தொழிற்கல்லூரிக்குப் பைகுல்லாவில் இடமும் உதவினார். அக்கல்லூரி 1923இல் மாதுங்காவுக்கு மாறியது. மாதுங்காவாழ் தமிழர் பிள்ளைகள் பலர் அதிற் பயின்று உயர்ந்ததை நாம் அறிவோம். வைசிராயின் சட்டசபையில் 1886 முதல் 1888 வரை அங்கம் வகித்தார். 1887இல் சர் பட்டமும், 1890இல் பாரனட் பட்டமும் பெற்றார். அந்த 1890ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில் சகர்பாய் அம்மையார் காலமானார்.

பரேலின் மற்றொரு காட்சி

சரிதம் எழுதுவோர் புகழை மட்டும் எழுதி, நிழலை மறைத்தல் முறையன்று. நாமும் ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து, பஞ்சுத் துகளை மூச்சோடு உள்ளிழுத்து, கதிரின் முன் நின்று உழைத்தவர்கள். ஆதலின் இதனைச் சொல்லாமல் விட இயலாது.

விலங்கு மருத்துவமனை உருப்பெற்ற அதே 1884ஆம் ஆண்டில், செப்டம்பர் மாதத்தில், அதே பரேலில், ஆலைத் தொழிலாளர் கூடினர். கூட்டியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. அவர் மகாத்மா ஜோதிபா புலேயின் சத்தியசோதக சமாஜத்தைச் சேர்ந்தவர். ஏறத்தாழ 5,500 தொழிலாளர் கையொப்பமிட்ட விண்ணப்பம் அங்கே உருவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வேண்டும். நண்பகலில் அரைமணி நேர இடைவேளை வேண்டும். காலை ஆறரை மணிக்கு முன் வேலை தொடங்கலாகாது. கூலியை மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையில் அடிபட்டவனுக்குக் குணமாகும் வரை கூலி தரவேண்டும். உறுப்பிழந்தவனுக்குப் பிழைப்பூதியம் வேண்டும். இவையே அவர்கள் கேட்டவை.

அடிபட்ட மாட்டுக்குப் படுக்கையும் மருந்தும் கிடைத்த ஊரிலே, எந்திரத்தில் கையைக் கொடுத்த தொழிலாளி மருந்தில்லாமல் சாலுக்குத் திரும்பினான். 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக் குழந்தையை ஆலைக்குள் விட்டு, பன்னிரண்டு வயது வரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் என்று வரம்பு கட்டியதேயன்றி, வளர்ந்தோர்க்கு யாதொரு வரம்பும் கட்டவில்லை. வாரந்தோறும் ஒருநாள் ஓய்வு என்பதை ஆலை முதலாளிமார் ஒப்புக்கொண்டது 1890ஆம் ஆண்டில்தான். அம்முதலாளிமாருள் முன்வரிசையில் நின்றவர் தின்ஷா பெட்டிட்.

இதைக் கண்டு, மனிதனைக் கவனியாதவன் மாட்டைக் கவனித்தது வீண் என்று சொல்லுவோர் உண்டு. நம் தொழிலாளத் தோழர் பலர் இவ்வாறே சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர்தம் சினத்தில் நியாயம் உண்டு, முடிபில் நியாயமில்லை. மாட்டுக்குக் கொடுத்ததனால் தொழிலாளிக்குக் குறைந்துவிடவில்லை. தொழிலாளிக்குக் கொடாதது தனியே நிற்கும் குறை. அதன் கணக்கை லோகண்டேயின் விண்ணப்பமே எழுதி வைத்துள்ளது. கருணையைத் தராசில் நிறுத்தி, ஒரு தட்டில் ஏழையையும் மறு தட்டில் விலங்கையும் வைப்பது தகாது. அடிபட்டவன் பிழைக்கும் வரை சோறிடுக என்று லோகண்டே கேட்டதும், அடிபட்ட உயிர் நடக்கும் வரை மருந்திடுக என்று பரேல் மருத்துவமனை செய்துகாட்டியதும் ஒரே அறத்தின் இரு கூறுகளாகும். உழைத்து ஓய்ந்ததும் தூக்கி எறியப்படுவதன் துயரம் உழைப்பாளிக்கே நன்கு தெரியும். ஆதலின் வாயில்லா உழைப்பாளிக்கு முதலில் கைகொடுக்க வேண்டியவனும் அவனே.

அழியா முதல்

சர் தின்ஷா பெட்டிட் 1901ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், தமது 77ஆம் வயதில் பம்பாயில் உயிர்நீத்தார். அவர் கட்டிய ஆலைகளின் காலம் கழிந்தது. பம்பாயின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாய் மூடி, அவை நின்ற நிலத்தில் வானளாவிய மாடங்கள் எழுந்துவிட்டன. விலங்கு மருத்துவமனையோ எஞ்சி நிற்கின்றது. இலாபத்துக்குக் கட்டியது மறைந்து, இலாபம் கருதாது கட்டியது நிலைத்தமை சிந்திக்கத் தக்கது.

அது நிலைத்ததற்குக் கட்டடத்தின் உறுதி மட்டும் காரணமன்று. ஒரு செல்வர் ஒருநாளில் கட்டடம் கொடுத்துவிடலாம். மருந்தோ நாடோறும் தீர்ந்து போவது. தீர்ந்துபோகும் பொருளுக்குத் தீராத ஊற்று வேண்டும். இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கல்யாண் பழங்காலத்தில் பெருந்துறைமுகம். கான்ஹேரிக் குகைகளிலே பிக்குகளுக்குக் குகையும் குளமும் தானஞ் செய்தவர் பட்டியலில் கல்யாண் நகரத்து வணிகர்தம் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. இங்கிருந்து கசாரா மலைவழி ஏறிச் சென்றால் நாசிக். அங்கே நகபான மன்னனின் மருமகன் உசவதாதன் செய்த தானம் ஒன்று குகைச் சுவரிற் காணப்படுகின்றது. அவன் 3,000 காசுகளை நெசவாளர் சங்கங்களிடம் ஒப்படைத்தான். அவற்றுள் 2,000 காசுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றும், 1,000 காசுக்கு நூற்றுக்கு முக்காலும் வட்டி. முதலைத் தொடலாகாது, வட்டியைக்கொண்டே பிக்குகளின் ஆடைக்கும் பிற செலவுக்கும் ஆண்டுதோறும் கொடுத்துவர வேண்டும். அட்சயநீவி, அதாவது அழியா முதல், என்பது இதன் பெயர். அந்த அறத்தைக் காத்துக்கொடுக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் நெசவுத் தொழிலாளர்கள் என்பதில் நமக்குப் பெருமையுண்டு.

விலங்குக்கு மருத்துவம் செய்வது அரசின் கடமை என்பதும் மேல்நாட்டாரிடம் கற்ற புதுமையன்று. அசோகச் சக்கரவர்த்தி தம் இரண்டாம் பாறைச் சாசனத்திலே, மனிதருக்கும் விலங்குகளுக்கும் இருவகை மருத்துவம் ஏற்படுத்தியதையும், மூலிகைகளை வருவித்து நட்டதையும் அறிவித்துள்ளார். அவ்வேற்பாடு சென்ற நாடுகளுள் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளும் தாமிரபரணியாகிய இலங்கையும் அடங்கும். பம்பாய்க்கு வடக்கேயுள்ள சோபாராவில் அசோகரின் எட்டாம் சாசனத் துண்டினைப் பகவான்லால் இந்திரஜி கண்டெடுத்த ஆண்டு 1882. அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே பரேலில் விலங்கு மருத்துவமனை எழுந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருந்ததென நாம் சொல்லவில்லை. மறந்துபோன அறம் மீண்டும் தலைதூக்கிய காலம் அது என்று மட்டும் சொல்லுகின்றோம்.

நாம் செய்யத்தக்கது

இன்று நிலைமை யாது? 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வதையுற்ற விலங்கின் மருத்துவச் செலவை உடையவனே ஏற்கவேண்டும் என விதிக்கின்றது. அவன் செலுத்தி மீட்டுச் செல்லாவிடின் விலங்கை விற்றுச் செலவை ஈடுசெய்யவும் இடமளிக்கின்றது. முறை சரியே. ஆயினும் வண்டிக்காரன் மாட்டை இழந்தால் அவன் வீட்டில் அடுப்பெரியாது. தெருநாய்க்கோ உடையவனே இல்லை. சட்டம் யாரிடம் கேட்கும்? 2024ஆம் ஆண்டில் டாடா அறக்கட்டளையினர் மகாலட்சுமியில் சிறு விலங்குகளுக்காகப் பெரிய மருத்துவமனையொன்றைத் திறந்தனர். அதுவும் பெருஞ்செல்வர் கொடையே. கல்யாண் தெருவில் இரவில் அடிபட்ட நாய் மகாலட்சுமிக்கு எப்படிப் போகும்? வண்டி வாடகையை யார் கொடுப்பார்?

ஆதலின் பெட்டிட் ஒருவர் வருவாரென்று நாம் காத்திருத்தல் வேண்டா. நமக்கு ஏற்ற வழிகள் சில உள. புகலிடம் நடத்துவோர் தீனிக் கணக்கையும் மருந்துக் கணக்கையும் தனித்தனியே எழுதிவருக. இரண்டும் ஒரே பெட்டியில் கிடந்தால், அன்றாடப் பசி மருந்துப் பணத்தை விழுங்கிவிடும். கொடுப்போரும் மருந்துக்கென்றே சொல்லிக் கொடுக்க. கடை வைத்திருப்போர் பழைய லாகாவைப் போல, மகமையைப் போல, விற்பனையில் ஒரு சிறு பங்கை ஒதுக்குக. சம்பளக்காரர் மாதத்தின் முதல் வாரத்திலே தம்மாலியன்றதைச் செலுத்துக. ஒருமுறை கொடுக்கும் ஆயிரத்தினும், தவறாமல் மாதந்தோறும் வரும் பத்து மருந்துக்கடைக் கடனைத் தீர்க்கும். சேர்ந்த பொருளில் ஒரு பங்கை வங்கியில் அழியா முதலாக இட்டு, வட்டியை மட்டும் எடுக்குமாறு சங்கம் விதி செய்க. கால்நடை மருத்துவம் பயிலும் மாணவரையும் அவர்தம் ஆசிரியரையும் அணுகி, வாரம் ஒரு நாள் வந்து பார்க்குமாறு வேண்டுக. பரேலில் கல்லூரியும் மருத்துவமனையும் ஒன்றையொன்று தாங்கியது போல, இங்கும் தாங்கும். வரவு செலவை ஒவ்வொரு மாதமும் வாசற் பலகையில் எழுதி ஒட்டுக. கணக்கைக் கண்ணாற் கண்டவன் மறுமாதமும் கொடுப்பான்.

15 ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கிய ஒருவர் பெருஞ்செல்வராகி மருத்துவமனை கட்டினார். 15 ரூபாயைச் சேர்த்துக் கொடுக்கக்கூடிய பதினாயிரம் பேர் கல்யாணில் இருக்கின்றோம். அவருடைய ஆலைகளில் உழைத்தோரும் பதினாயிரவர். ஒருவர் செய்த அறத்தை அத்தனை பேரும் கூடிச் செய்தல் அரிதன்று. இத்திங்களிலேயே தொடங்குவோமாக.